பலகைக்கு முந்திய உரிமை: இங்கிலாந்தின் அடுக்குமாடி வளாகங்களில் தனியார் பார்க்கிங் டிக்கெட்

1. ஆய்வுப் பொருள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கிறவர்களுக்கு, தங்கள் வீட்டுக்கென்று ஒதுக்கிய இடத்தில் தங்கள் காரை நிறுத்தியதற்காகவே நூறு பவுண்டு கேட்டுத் தனியார் பார்க்கிங் நிறுவனங்களிடமிருந்து அறிவிப்பு வருகிறது. காரணம் பெரும்பாலும் அற்பமானது. கண்ணாடியில் வைக்க வேண்டிய பெர்மிட் நழுவி இருக்கைக்கு அடியில் விழுந்திருக்கும். சொந்தக் கார் பழுதுபார்க்கப் போயிருக்க, பட்டறையில் கொடுத்த மாற்றுக் காரில் பெர்மிட் இருந்திருக்காது. குடிவந்து சில நாளே ஆனவருக்கு வீட்டு முகவர் இன்னும் பெர்மிட்டை அனுப்பியிருக்க மாட்டார். யாருக்கும் இடைஞ்சல் இல்லை, இடமும் அவருடையதுதான். ஆனாலும் டிக்கெட் விழுகிறது. ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ஹரோ பக்கம் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது புதிய செய்தி அல்ல.

வீட்டின் நீண்டகாலக் குத்தகை ஆவணமான லீஸோ, வாடகை ஒப்பந்தமோ வண்டி நிறுத்தும் உரிமையை நிபந்தனையின்றித் தந்துவிட்டால், பின்னால் பார்க்கிங் நிறுவனம் நட்ட ஒரு நிபந்தனைப் பலகை அந்த உரிமையைக் குறைக்க முடியாது. அதைப் பயன்படுத்தியதற்குப் பணம் கேட்கவும் முடியாது. இதுவே இக்கட்டுரையின் வாதம். இது எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே தளர்கிறது என்பதை லீஸின் வாசகங்களையும் தீர்ப்புகளையும் கொண்டு பார்க்கலாம். நகராட்சி மன்றங்கள் 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டப்படி விதிக்கும் அபராதங்கள் இந்த ஆய்வில் சேரா. ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றின் சட்டம் வேறு; அவற்றையும் விட்டுவிடுகிறேன்.

2. இந்த ஏற்பாடு வந்த வழி

2012 வரை தனியார் நிலத்தில் தவறாக நிற்கும் காரின் சக்கரத்தில் இரும்புப் பூட்டைப் போட்டுவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு திறந்துவிடுவது வழக்கமாக இருந்தது. அடாவடி அதிகமாகி, புகார்கள் குவிந்தன. 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆவது பிரிவு அதைக் குற்றமாக்கியது. ஆனால் அதே சட்டத்தின் நான்காம் அட்டவணை பார்க்கிங் நிறுவனங்களுக்கு வேறொரு கருவியைத் தந்தது. அதுவரை காரை ஓட்டியவர் யார் என்று நிறுவனம் காட்ட வேண்டியிருந்தது. ஒப்பந்தம் அவரோடு மட்டுந்தான். 2012 அக்டோபர் 1 முதல், ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால், அட்டவணையின் நிபந்தனைகளை நிறைவேற்றி, வண்டிப் பதிவில் பெயருள்ளவரிடமே கட்டணத்தைக் கேட்கலாம் என்றாயிற்று.

அந்தப் பெயரையும் முகவரியையும் ஸ்வான்ஸியில் உள்ள அரசின் வாகனப் பதிவு முகமை ஒரு வண்டிக்கு இரண்டரைப் பவுண்டு வீதம் கொடுக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட இரண்டு தொழில்துறைச் சங்கங்களில் ஒன்றில் நிறுவனம் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதே முக்கியமான தகுதி. 2018-19இல் ஏறக்குறைய 68 லட்சம் பதிவுகள் இப்படிப் பெறப்பட்டன. இப்போது ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல்.

பார்க்கிங் நிறுவனம் குடியிருப்பு வளாகத்துக்குள் வருவதற்கு ஒரு நியாயமான தொடக்கம் உண்டு. ரயில் நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ விளையாட்டரங்குக்கோ பக்கத்தில் உள்ள வளாகங்களில், காலையில் வெளியாட்கள் காரை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வேலை முடிந்து வருகிறவருக்குத் தன் இடம் கிடைப்பதில்லை. குடியிருப்பவர்களே நிர்வாக முகவரிடம் முறையிடுகிறார்கள். முகவர் ஒரு பார்க்கிங் நிறுவனத்தை அழைக்கிறார். பல ஒப்பந்தங்களில் அந்த நிறுவனம் வளாகத்திடம் ஒரு காசும் வாங்குவதில்லை. பலகை, பெர்மிட், கண்காணிப்பு எல்லாம் இலவசம். இந்த இலவசத்தில்தான் கோளாறு தொடங்குகிறது என்று கருதுகிறேன். நிறுவனத்துக்கு வருமானம் டிக்கெட்டிலிருந்து மட்டுமே வருகிறது. பலகையைப் பார்த்த வெளியாட்கள் சில வாரங்களில் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் நாள்தோறும் அங்கே நிற்பவை குடியிருப்பவர்களின் கார்கள்தான். யாரைக் காக்க நிறுவனம் வந்ததோ அவர்களிடமிருந்தே வருமானம் வந்தாக வேண்டிய நிலை உருவாகிறது.

3. பலகை எப்படி ஒப்பந்தமாகிறது

தனியார் டிக்கெட் அபராதம் அல்ல. ஒப்பந்தத்தை மீறியதற்கான கட்டணம். பலகை ஒரு முன்மொழிவு. அதைப் படித்து, அல்லது படிக்கக்கூடிய நிலையில் இருந்து, காரை நிறுத்துபவர் அதை ஏற்கிறார். இந்தக் கட்டமைப்புக்கு உச்ச நீதிமன்றம் 2015 நவம்பர் 4 அன்று பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் வழக்கில் உறுதியான அடித்தளம் இட்டது. செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடை வளாகம். இரண்டு மணி நேரம் இலவசம். பீவிஸ் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்தினார். கேட்ட தொகை 85 பவுண்டு. இழப்பின் அளவைத் தாண்டிய தொகை தண்டனைக்குச் சமம், ஆகவே செல்லாது என்ற பழைய விதியை அவர் துணைக்கு அழைத்தார். நீதிபதிகளில் பெரும்பான்மையினர் ஏற்கவில்லை. கடைகளுக்கு வருகிறவர்களுக்கு இடம் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அதைக் காப்பதில் நில உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் நியாயமான அக்கறை உண்டு. அந்த அக்கறையோடு ஒப்பிட்டால் 85 பவுண்டு மிகையல்ல என்றார்கள்.

அன்றுமுதல் பார்க்கிங் நிறுவனத்தின் ஒவ்வொரு கோரிக்கைக் கடிதத்திலும் இந்தத் தீர்ப்பின் பெயர் இருக்கிறது. வாடகைதாரருக்குப் போகும் கடிதமும் விலக்கல்ல. ஆனால் தீர்ப்பின் உண்மைகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பீவிஸுக்கு அந்த நிலத்தில் முன்னுரிமை எதுவும் கிடையாது. பலகை தந்த இரண்டு மணி நேர அனுமதிதான் அவருக்கு இருந்த ஒரே உரிமை. அதைப் பெற்றதற்கு ஈடாகத்தான் நிபந்தனையை ஏற்றார். தன் லீஸில் எழுதிய இடத்தில் நிறுத்துபவருக்குப் பலகை எதைத் தருகிறது? அவர் ஏற்கெனவே பெற்றிருப்பதை மீண்டும் தருவதாகச் சொல்வது ஒரு முன்மொழிவே ஆகாது. ஒப்பந்தத்துக்கு ஈடு வேண்டும் என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் அரிச்சுவடி. இங்கே ஈடு இல்லை. இடம் சுழல வேண்டும் என்ற நியாயமும் பொருந்தாது. குடியிருப்பவர் இரவு முழுவதும் நிறுத்துவதற்காகவே அந்த இடம் இருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்தபிறகு கொண்டுவரும் நிபந்தனை கட்டுப்படுத்தாது என்பதும் பழைய சட்டம். 1970இல் தார்ன்டன் எதிர் ஷூ லேன் பார்க்கிங் வழக்கில், கார் நிறுத்தகத்தின் வாயில் எந்திரம் டிக்கெட்டை நீட்டுமுன்பே ஒப்பந்தம் உருவாகிவிட்டது, டிக்கெட் சுட்டிய பொறுப்புவிலக்கு நிபந்தனை காலம் கடந்தது என்று டென்னிங் பிரபு தீர்ப்பளித்தார். அங்கே காலம் கடந்தது சில நொடிகளால். குடியிருப்பு வளாகத்திலோ லீஸ் எழுதிப் பல ஆண்டு கழித்துப் பலகை வருகிறது.

4. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது: நான்கு நிலைகள்

வழக்கின் முடிவு ஏறத்தாழ முழுவதும் ஒரே கேள்வியில் தொங்குகிறது: வீட்டின் ஆவணத்தில் வண்டி நிறுத்துவது பற்றி என்ன எழுதியிருக்கிறது?

முதல் நிலையில், நிறுத்துமிடமே வீட்டோடு சேர்த்துக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். லீஸோடு இணைத்த வரைபடத்தில் வீட்டைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டிருப்பதுபோல் அந்தச் செவ்வகத்தைச் சுற்றியும் கோடு இருக்கும். அப்படியானால் லீஸ் காலம் முழுவதும் அந்தத் துண்டு நிலம் குத்தகைதாரரின் கைவசம். நிர்வாக முகவருக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை. தனக்கு இல்லாத அதிகாரத்தை அவர் பார்க்கிங் நிறுவனத்துக்குக் கொடுக்கவும் முடியாது. நிறுவனத்தின் ஊழியர் அங்கே காலடி வைத்துக் கண்ணாடியில் டிக்கெட் ஒட்டுவதுதான் அத்துமீறல். இந்த நிலையில் வாதம் இரண்டு வரியில் முடிந்துவிடும்.

இரண்டாவது நிலையில் நிலம் உரிமையாளரிடமே இருக்கும். குறிப்பிட்ட எண்ணுள்ள இடத்திலோ, காலியாக உள்ள எந்த இடத்திலோ நிறுத்திக்கொள்ளும் உரிமையை மட்டும் லீஸ் தரும். சட்டம் இதை வசதியுரிமை என்று கருதும். பெர்மிட் என்ற பேச்சே அந்த வாசகத்தில் இல்லை என்றால் உரிமை நிபந்தனையற்றது. கொடுத்தவர் தான் கொடுத்ததன் பயனைத் தானே கெடுக்கக் கூடாது என்பது ஆங்கிலேய நிலச் சட்டத்தின் ஆழமான கோட்பாடு. அமைதியாக அனுபவிக்க விடுவேன் என்ற உறுதிமொழியும் ஏறக்குறைய எல்லா லீஸிலும் எழுதியிருக்கும். தன் இடத்தில் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நூறு பவுண்டு இழக்கலாம் என்ற அச்சத்தோடு நிறுத்துகிறவர் அமைதியாக அனுபவிக்கிறார் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது நிலையில்தான் உண்மையான சிக்கல். வளாகத்தை நல்லபடி நிர்வகிப்பதற்காக உரிமையாளர் அவ்வப்போது விதிகள் செய்யலாம், குத்தகைதாரர் அவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற வாசகம் பல லீஸ்களில் உண்டு. நிறுவனத் தரப்பு வழக்கறிஞர்கள் இதைத்தான் பற்றிக்கொள்கிறார்கள். அவர்கள் வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை: வெளியாட்களிடமிருந்து குடியிருப்பவர்களின் காரைப் பிரித்தறிய ஏதோ ஓர் அடையாளம் வேண்டும், பெர்மிட்டைக் கண்ணாடியில் வைக்கச் சொல்வது நியாயமான விதிதான். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதி செய்யும் அதிகாரம் வேறு, விதியை மீறியவரிடம் மூன்றாம் தரப்பு ஒன்று நூறு பவுண்டு வசூலிக்கும் அதிகாரம் வேறு. லீஸின் விதியை மீறினால் அதற்குரிய பரிகாரம் உரிமையாளருக்கும் குத்தகைதாரருக்கும் இடையில் உள்ளது. லீஸில் கையெழுத்திடாத ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டும் கடமையை அந்தப் பொதுவான வாசகம் உண்டாக்கிவிடாது. தவிர, விதி முறைப்படி செய்யப்பட்டதா, குத்தகைதாரர்களுக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று காட்ட வேண்டியது அதை நம்பி வழக்குத் தொடுப்பவரின் பொறுப்பு. செல்லும்படியான பெர்மிட்டைக் கண்ணாடியில் வைக்கும்வரைதான் நிறுத்தும் உரிமை என்று லீஸே வெளிப்படையாக எழுதியிருந்தால் நிலைமை மாறிவிடும். புதிதாகக் கட்டும் வளாகங்களில் அப்படி எழுதினால் குடியிருப்பவரின் கை தளர்ந்துபோகும்.

நான்காவது, ஆவணம் வாய் திறக்காத நிலை. குறுகிய கால வாடகை ஒப்பந்தத்தில் நிறுத்துமிடம் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. வீடு காட்டிய முகவர் வாய்மொழியாக எங்கே வேண்டுமானாலும் விடுங்கள் என்றிருப்பார். அப்போது வாடகைதாரருக்கு இருப்பது வெறும் அனுமதி. பலகை அதற்கு நிபந்தனை போடலாம். இருந்தாலும் அவர் ஒன்றைச் செய்ய வேண்டும். தனக்கு வாடகைக்கு விட்டவரிடம் மூல லீஸின் நகலைக் கேட்க வேண்டும். வீட்டை எல்லா வசதிகளோடும் வாடகைக்கு விட்டிருந்தால், மூல லீஸில் உள்ள நிறுத்தும் உரிமையும் வாடகைதாரருக்கு வந்து சேர்ந்தது என்று வாதிட இடம் உண்டு. வீட்டுக்காரர் நகல் தர மறுத்தால், நிலப் பதிவகத்தில் சிறு கட்டணம் செலுத்திப் பதிவான லீஸின் நகலைப் பெறலாம். என் பார்வையில் இந்தச் சிறு செலவுதான் முழுத் தகராறிலும் பயனுள்ள செலவு.

5. தீர்ப்புகள்

நிறுத்தும் உரிமையை உரிமையாளர் தன்னிச்சையாகச் சுருக்க முடியாது என்பதற்கு மேல்நிலைத் தீர்ப்புகள் உள்ளன. 2001இல் சயீத் எதிர் பிளஸ்ட்ரேட் வழக்கில், 13 கார்களுக்கான இடத்தை நான்காகக் குறைத்தது குத்தகைதாரர்களின் உரிமையில் கணிசமான குறுக்கீடு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எந்த இடம் என்பதை அவ்வப்போது குறிப்பிடும் அதிகாரத்தை லீஸ் உரிமையாளருக்குத் தந்திருந்தும் இப்படித் தீர்ப்பு வந்தது என்பது கவனிக்கத்தக்கது. 2012இல் கெட்டல் எதிர் புளூம்ஃபோல்டு வழக்கில், நிறுத்துமிடத்தில் புதிய கட்டடம் எழுப்ப நினைத்த உரிமையாளர், வேறு இடம் தருகிறேன் என்று சொன்னது எடுபடவில்லை. இந்த இரண்டும் டிக்கெட் வழக்குகள் அல்ல. ஆனாலும் டிக்கெட் வழக்குகளில் எழும் கேள்விக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

2016இல் மூன்று தீர்ப்புகள் நேரடியாக வந்தன. ஆக்ஸ்ஃபோர்டில், வீட்டுக்கு ஒரு மேசையை இறக்குவதற்காக நுழைவாயில் அருகே சில நிமிடம் காரை நிறுத்திய பெண்ணுக்கு எதிரான கோரிக்கை மேல்முறையீட்டில் தள்ளுபடியானது. வாயில்வரை வந்துபோகும் உரிமையை லீஸ் தந்திருந்தது. அதை நிர்வாகம் பலகை வைத்துத் திருத்த முடியாது என்றார் சுற்று நீதிபதி. சுமை இறக்க நிற்பது நிறுத்துவதே ஆகாது என்றும் சொன்னார். பால் கொண்டுவருபவரும் அஞ்சல்காரரும் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குபவரும் நிற்க முடியாத அடுக்குமாடியில் வாழ்க்கை நடக்காது என்ற நடைமுறை உணர்வு அந்தத் தீர்ப்பு நெடுகிலும் இருக்கிறது. இந்த விஷயத்தில் படிக்க வேண்டிய முதல் தீர்ப்பு அதுவே. க்ராய்டனில், பெர்மிட் நிபந்தனையின்றி நிறுத்தும் உரிமையை வாடகை ஒப்பந்தம் தந்திருந்தபோது, பலகை வழியாகப் பெர்மிட்டைக் கட்டாயமாக்க முடியாது என்று முடிவானது. ஹை விக்கமில் வேறொரு கோணம்: உள்சாலையில் எப்போதும் நிறுத்தக் கூடாது என்று பலகை சொன்னால், அது எதையும் முன்மொழியவில்லை, வெறுமனே தடுக்கிறது, தடையில் ஒப்பந்தம் பிறக்காது. மீறியவர் அத்துமீறுபவர் ஆகலாம், ஆனால் அதற்கு வழக்குத் தொடுக்க வேண்டியவர் நில உரிமையாளர். பார்க்கிங் நிறுவனம் அல்ல.

இவை கவுன்டி நீதிமன்றத் தீர்ப்புகள். மேல்முறையீட்டில் சுற்று நீதிபதி தந்த ஆக்ஸ்ஃபோர்டு தீர்ப்புக்குக்கூட மதிப்பு உண்டே தவிர, பிற நீதிபதிகளைக் கட்டுப்படுத்தும் வலிமை இல்லை. ஒவ்வொரு குடியிருப்பாளரும் அதே வாதத்தை முதலிலிருந்து மீண்டும் வைக்க வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான வளாகங்களைத் தொடும் ஒரு கேள்வி, தொகை சிறியது என்ற ஒரே காரணத்தால் மேல் நீதிமன்றத்தின் தெளிவான பதிலைப் பெறாமலே கிடக்கிறது. இதில் எனக்கு ஆழ்ந்த மனக்குறை உண்டு.

6. அறிவிப்பிலிருந்து தீர்ப்புவரை

பதிவில் பெயருள்ளவரைப் பொறுப்பாக்க நான்காம் அட்டவணை கெடுகளை வைத்திருக்கிறது. கண்ணாடியில் டிக்கெட் ஒட்டாமல் படமெடுத்துத் தபாலில் மட்டும் அனுப்பினால், சம்பவத்துக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் அது வந்து சேர வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் முதல் 28 நாள் காத்திருந்து, அடுத்த 28 நாளுக்குள் தபால் அறிவிப்பு வர வேண்டும். தவறினால் ஓட்டியவர் மட்டுமே பொறுப்பு. அவர் யாரென்று சொல்லும் கடமை பதிவில் பெயருள்ளவருக்கு இந்த வகைக் கோரிக்கையில் இல்லை. ஆகவே முதல் பதில் கடிதத்தில் ‘நான் நிறுத்தினேன்’ என்று எழுதிவிடுவது தேவையற்ற விட்டுக்கொடுப்பு. அறிவிப்பில் குறித்த தொகைக்கு மேல் பதிவில் பெயருள்ளவரிடம் கேட்கக் கூடாது என்றும் அட்டவணை சொல்கிறது. நூறு பவுண்டு டிக்கெட்டோடு வசூல் செலவு என்று எழுபது பவுண்டைச் சேர்த்து வரும் கடிதங்களை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும்.

நிறுவனத்திடம் முதல் முறையீடு. பிறகு அது சேர்ந்துள்ள சங்கத்தைப் பொறுத்து பாப்லா என்ற மேல்முறையீட்டு அமைப்போ, அதுபோன்ற இன்னொன்றோ. பாப்லாவில் தோற்றாலும் அந்த முடிவு குடியிருப்பாளரைக் கட்டுப்படுத்தாது. ஜெயித்தால் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பலர் இந்தப் படிகளுக்கே வருவதில்லை. 14 நாளுக்குள் கட்டினால் அறுபது பவுண்டோடு போகும் என்ற சலுகை, முறையிடுவதையே வீண்செலவுபோல் காட்டிவிடுகிறது.

நீதிமன்றத் தாள் வந்தபிறகு மௌனம் ஆபத்து. 14 நாளில் பதில் தர வேண்டும். தாள் கிடைத்ததை ஒப்புக்கொண்டால் 28 நாள் கிடைக்கும். பதில் இல்லையென்றால் விசாரணையின்றியே தீர்ப்பு. ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அது ஆறாண்டு பதிவேட்டில் நிற்கும். வீட்டுக் கடனுக்கும் அடுத்த வாடகை வீட்டுக்கும் தடையாகும். வாடகைதாரர்கள் இதில் சிக்குவது எளிது. வீடு மாறியிருப்பார்கள், வண்டிப் பதிவில் பழைய முகவரி இருக்கும், தாள் அங்கே போய்க் கிடக்கும். பின்னால் தெரியவந்து தீர்ப்பை நீக்கக் கோரினால், மனுக் கட்டணமே முந்நூறு பவுண்டைத் தாண்டும். வீடு மாறியவர் முதலில் முகவரியை மாற்ற வேண்டிய இடம் வாகனப் பதிவு முகமை.

7. சட்டம் விட்டுவைத்த இடைவெளி

நாடாளுமன்றம் இதைக் கவனிக்காமல் இல்லை. சர் கிரெக் நைட் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது 2019இல் பார்க்கிங் நடைமுறை விதித்தொகுப்புச் சட்டமாயிற்று. அதன்படி அரசு 2022 பிப்ரவரியில் ஒரு தொகுப்பை வெளியிட்டது: லண்டனுக்கு வெளியே பெரும்பாலான டிக்கெட்டுக்கு உச்சவரம்பு 50 பவுண்டு, வசூல் செலவு சேர்க்கத் தடை. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. அதே ஆண்டு ஜூனில் தொகுப்பு திரும்பப் பெறப்பட்டது. 2024 அக்டோபரில் இரு சங்கங்களும் சேர்ந்து தங்களுக்குள் ஒரு பொதுத் தொகுப்பைக் கொண்டுவந்தன. அதில் உச்சவரம்பு நூறு பவுண்டாகவே இருக்கிறது. 2025 ஜூலையில் அரசு மீண்டும் கருத்துக் கேட்டது.

வளாகத்துக்குள் இன்னொரு நேரான வழி இருக்கிறது. பெர்மிட் நிபந்தனை வேண்டும் என்று நிர்வாகம் நினைத்தால், எல்லா லீஸையும் முறைப்படி திருத்தலாம். 1987ஆம் ஆண்டின் நிலவுடைமையாளர்-குத்தகைதாரர் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி, எட்டுக்கு மேற்பட்ட லீஸ்கள் இருந்தால் சம்பந்தப்பட்டவர்களில் 75 விழுக்காட்டினர் ஒப்ப வேண்டும், பத்து விழுக்காட்டுக்கு மேல் எதிர்ப்பு கூடாது. அதன்பின் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பெர்மிட்டும் கட்டணமும் உண்மையிலேயே குடியிருப்பவர்களின் நன்மைக்கு என்றால், முக்கால்வாசிப் பேரின் ஒப்புதலைக் கேட்பதில் நிர்வாகத்துக்குத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை. பலகை நடுவது இந்த வாக்கெடுப்பைத் தவிர்க்கும் குறுக்குவழி ஆகிவிட்டது.

இனி வரும் அரசுத் தொகுப்பில் குடியிருப்பு வளாகங்களுக்குத் தனி அத்தியாயம் வேண்டும். நில உரிமையாளரின் எழுத்து அனுமதியை மட்டும் நிறுவனம் கையில் வைத்திருந்தால் போதாது. அந்த வளாகத்தின் லீஸ் மாதிரியைப் படித்து, நிறுத்தும் உரிமை யாருக்கு எந்த நிபந்தனையில் உள்ளது என்று பதிவு செய்த பிறகே பலகை நட வேண்டும். குடியிருப்பவர் தன் ஆவணத்தைக் காட்டினால் டிக்கெட்டை ரத்துசெய்து, அந்த வண்டியின் எண்ணை விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே வண்டிக்கு, அதே இடத்தில், பெர்மிட் தெரியவில்லை என்ற அதே காரணத்தைச் சொல்லி முகவரி கேட்கும் நிறுவனத்துக்கு, வாகனப் பதிவு முகமை அந்த முகவரியைத் தர மறுக்க வேண்டும்.